பழைய டைரக்ட்எக்ஸ் 9 புத்தகத்தை வைத்து 3டி கேம் புரோகிராமிங் படிக்கலாமா?

சரிவுப்பாதை (கேள்வி)

வணக்கம். சி++-ல் கிளாஸ், பாயிண்டர், எஸ்டிஎல் வரை பழக்கம் உண்டு. யூனிட்டி, அன்ரியல் போன்ற இன்ஜின் எதையும் தொடாமல், 3டி கேம் உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்பதை அடியிலிருந்து கற்றுக்கொள்ள விரும்புகிறேன். கையில் இருப்பது டைரக்ட்3டி 9 (டைரக்ட்எக்ஸின் 3டி பகுதி) காலத்துப் புத்தகம். வெக்டர், அணிகளில் தொடங்கி முக்கோணம், ஒளி, டெக்ஸ்ச்சர், கேமரா, நிலப்பரப்பு, மோதல் கண்டறிதல் என்று போகிறது. ஷேடர் (கிராஃபிக்ஸ் சிப்பிலேயே ஓடும் சிறு புரோகிராம்) கடைசி இரண்டு அத்தியாயங்களில்தான் வருகிறது.

விண்டோஸ் 11, விஷுவல் ஸ்டுடியோ 2022, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இன்டெல் லேப்டாப். இப்போது நிற்கும் இடங்கள்:

டி3டிஎக்ஸ்9 ஹெடர் இல்லை என்று கம்பைலர் சொல்கிறது. ஜூன் 2010 டைரக்ட்எக்ஸ் எஸ்டிகே-யை (புரோகிராம் எழுதுபவர்களுக்கான தொகுப்பு) நிறுவப் போனால் எஸ்1023 என்ற எரரோடு நின்றுவிடுகிறது.

ஹெடரை வேறு கணினியிலிருந்து எடுத்துப் போட்டு ஒருவழியாக ஓட்டினேன். கனசதுரம் வருகிறது, ஆனால் முழுக்கக் கறுப்பு. வெர்டெக்ஸில் (முனைப்புள்ளியில்) நிறம் கொடுத்திருக்கிறேன்.

புத்தகத்தைப் பார்த்து டைப் செய்தால் ஓடுகிறது. மூடிவிட்டு எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. இதே புத்தகத்தோடு போவதா, புதிதாக ஒன்று வாங்குவதா? ஒரு அத்தியாயத்தை எப்படிப் படிப்பது?

நிழல்வரி

புத்தகத்தை ஒதுக்க வேண்டாம். முதலில் அடைப்புகளை எடுத்துவிடுவோம்.

டைரக்ட்3டி 9-இன் மூல ஹெடர் இன்றைய விண்டோஸ் எஸ்டிகே-யிலும் இருக்கிறது. இல்லாமல் போனது டி3டிஎக்ஸ் என்ற துணை நூலகம் மட்டும். தனியாக வந்த கடைசி டைரக்ட்எக்ஸ் எஸ்டிகே ஜூன் 2010 பதிப்பு. விண்டோஸ் 8 எஸ்டிகே-க்குள் டைரக்ட்எக்ஸைச் சேர்த்தபோது டி3டிஎக்ஸைச் சேர்க்கவில்லை. எஸ்1023 வரக் காரணம், அந்த எஸ்டிகே தன்னோடு கொண்டுவரும் விஷுவல் சி++ 2010 ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைவிடப் புதிய பதிப்பு உங்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பது. 32 பிட், 64 பிட் இரண்டையும் நீக்கிவிட்டு எஸ்டிகே-யை நிறுவுங்கள். முடிந்ததும் புதிய பதிப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். இதைவிடச் சுலபமான வழி, விஷுவல் ஸ்டுடியோவின் நியூகெட் பகுதியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் டி3டிஎக்ஸ் பேக்கேஜைச் சேர்ப்பது. எஸ்டிகே-யே வேண்டாம், ஹெடர், லிப், டிஎல்எல் மூன்றும் அதிலேயே வந்துவிடும். வேறு கணினியிலிருந்து எடுத்துப் போட்ட ஹெடரை அழித்துவிடுங்கள், பிறகு பதிப்புக் குழப்பம் வரும்.

அடுத்து இந்த மூன்றும் வரும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். புத்தகத்தின் கோடு (புரோகிராம் வரிகள்) ஒற்றை பைட் எழுத்துக்களை எதிர்பார்க்கிறது, விஷுவல் ஸ்டுடியோ யூனிகோடில் தொடங்குகிறது. புராஜெக்ட் பண்புகளில் கேரக்டர் செட்டை மல்டி-பைட் என்று மாற்றினால் விண்டோ உருவாக்கும் வரிகளில் வரும் எரர்கள் ஒரேயடியாகப் போய்விடும். இரண்டாவது, அக்காலக் கோடில் ஒரு தற்காலிக வெக்டரை உருவாக்கி அந்த இடத்திலேயே அதன் முகவரியைக் கொடுக்கும் பழக்கம் அதிகம். இன்றைய சி++ அதை ஏற்காது. கன்ஃபார்மன்ஸ் மோடை அணைத்தால் ஓடும், ஆனால் அணைக்காதீர்கள். வெக்டருக்கு ஒரு பெயர் கொடுத்து அடுத்த வரியில் முகவரியை எடுங்கள். மூன்றாவது, எரர் செய்தி காட்டும் பழைய லிப்பைச் சேர்த்தால் பிரிண்ட்எஃப் வகை ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று லிங்கர் புலம்பும். லெகஸி எஸ்டிடிஐஓ டெஃபினிஷன்ஸ் என்ற லிப்பையும் கூடவே சேர்த்தால் அடங்கிவிடும்.

கறுப்புக் கனசதுரம்: டைரக்ட்3டி 9-ல் லைட்டிங் தானாகவே இயக்கத்தில் இருக்கும். லைட்டிங் இருந்தால் நிறத்தைத் தீர்மானிப்பது மெட்டீரியலும் விளக்கும் நார்மலும் (பரப்புக்குச் செங்குத்தான திசை). உங்கள் வெர்டெக்ஸில் நிலையும் நிறமும் மட்டும் இருக்கின்றன. நார்மல் இல்லாத வெர்டெக்ஸுக்கு ஒளிக்கணக்கில் புள்ளிப் பெருக்கம் 0 என்றுதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் விளக்கே வைக்கவில்லை என்றாலும் விடை அதே கறுப்புதான். ரெண்டர் ஸ்டேட்டில் லைட்டிங்கை அணையுங்கள், நிறம் வந்துவிடும்.

இனி அத்தியாயங்கள். வெக்டர், அணி, தளம், கேமரா, நிலப்பரப்பின் உயரம் கண்டுபிடிப்பது, மோதல், மவுஸ் சொடுக்கிலிருந்து கதிர் எய்து பொருளைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றை வரிவரியாகப் படியுங்கள். அந்தக் கணக்கு எந்த ஏபிஐ (டைரக்ட்3டி, ஓபன்ஜிஎல் போன்ற கிராஃபிக்ஸ் இடைமுகம்) வந்தாலும் மாறப்போவதில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ-வில் படித்த அணிகளும் வெக்டரும் நினைவிருந்தால் முக்கால்வாசி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். லைட், மெட்டீரியல், டெக்ஸ்ச்சர் ஸ்டேஜ் ஸ்டேட் என்று ஸ்விட்ச் போட்டு அமைக்கும் ஃபிக்ஸட் ஃபங்ஷன் பகுதிகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். விஸ்டாவோடு வந்த டைரக்ட்3டி 10-லேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். ஆல்ட்-டேப் அடித்தால் டிவைஸ் தொலைந்துபோவது, ரீசெட் செய்வதற்கு முன் டிஃபால்ட் பூலில் இருக்கும் பஃபர்களை விடுவிப்பது பற்றிய பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். ஷேடர் அத்தியாயத்தைக் கடைசிக்கு விடாமல், முக்கோணம் வந்த மறுநாளே திறங்கள்.

எண்கோணம்

நிழல்வரி சொன்ன அத்தியாயப் பிரிவில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் கோடை டைரக்ட்3டி 9-லேயே எழுதுவதில் உடன்பாடு இல்லை. காரணம் ஒன்றே ஒன்று: ரெண்டர்டாக். ஒரு ஃப்ரேமைப் பிடித்து, எந்த அழைப்பில் எந்த வெர்டெக்ஸ் எங்கே போனது, எந்த டெக்ஸ்ச்சர் மாட்டியிருந்தது என்று திறந்து காட்டும் இலவசக் கருவி அது. தொடங்குபவருக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் கிடையாது. டைரக்ட்3டி 11, 12, வல்கன், ஓபன்ஜிஎல் 3.2-க்கு மேற்பட்ட கோர் புரொஃபைல் எல்லாவற்றிலும் வேலை செய்யும். 9-ல் வேலை செய்யாது.

எனவே கணக்கைப் புத்தகத்தில் படியுங்கள், கோடை ஓபன்ஜிஎல் 3.3-லோ டைரக்ட்3டி 11-லோ எழுதுங்கள். உங்கள் இன்டெல் சிப் இரண்டையும் தாராளமாகத் தாங்கும். வல்கனும் டைரக்ட்3டி 12-ம் இப்போது வேண்டாம். வல்கனில் ஒரு முக்கோணத்துக்கே ஆயிரம் வரியை நெருங்கும், அதில் 3டி கணிதம் ஒரு வரி கூட இருக்காது.

11-ஐ எடுத்தால் இரண்டு இடங்களில் கட்டாயம் முட்டுவீர்கள். ஷேடருக்கு மதிப்புகளை அனுப்பும் கான்ஸ்டன்ட் பஃபரின் அளவு 16 பைட்டின் மடங்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் உருவாக்கும்போதே தோற்கும். ஷேடர் மொழியான ஹெச்எல்எஸ்எல் அணியை நிரல்வாரியாக (மேலிருந்து கீழாக) படிக்கும், கணித நூலகமான டைரக்ட்எக்ஸ்மேத் நிரைவாரியாக (இடமிருந்து வலமாக) வைக்கும்; ஆகவே அனுப்பும் முன் டிரான்ஸ்போஸ் (நிரை, நிரல் இடமாற்றம்) செய்ய வேண்டும். மறந்தால் பொருள் திரையில் வராது, அல்லது விசித்திரமாக இழுபட்டு வரும்.

ஓபன்ஜிஎல் என்றால் விண்டோவுக்கு ஜிஎல்எஃப்டபிள்யூ, ஃபங்ஷன்களை ஏற்ற கிளாட், கணிதத்துக்கு ஜிஎல்எம், படம் திறக்க எஸ்டிபி இமேஜ். இந்த நான்கும் போதும். புத்தகத்திலிருந்து இதற்கு மாறும்போது தடுமாறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் இதுபற்றி நிறையக் குழப்பம் உலவுகிறது.

பெருக்கும் வரிசை தலைகீழாகும். புத்தகத்தில் வெக்டர் நிரையாக இருப்பதால் புள்ளி × வேர்ல்ட் × வியூ × புரொஜெக்ஷன். ஜிஎல்எம்-ல் வெக்டர் நிரலாக இருப்பதால் புரொஜெக்ஷன் × வியூ × வேர்ல்ட் × புள்ளி. ஆனால் நினைவகத்தில் இரண்டும் ஒன்றேதான்: 16 எண்களில் இடப்பெயர்ச்சி இரண்டிலும் (0-விலிருந்து எண்ணினால்) 12, 13, 14-ஆம் இடங்களில்தான் உட்கார்ந்திருக்கும். எனவே ஷேடருக்கு அனுப்பும்போது டிரான்ஸ்போஸ் தேவையில்லை.

புத்தகத்தின் கேமரா நேர் இசட் திசையில் பார்க்கிறது, ஓபன்ஜிஎல் வழக்கப்படி எதிர் இசட். ஜிஎல்எம்-ஐ இடக்கை முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது புள்ளிகளின் இசட் குறியை மாற்றலாம். எந்த வழியில் போனாலும் திரையில் முக்கோணம் அதே வலஞ்சுழியில்தான் விழும். ஓபன்ஜிஎல் இடஞ்சுழியை முன்பக்கம் என்று நினைக்கும் என்பதால், கல்லிங்கை (பின்பக்க முக்கோணங்களை வரையாமல் விடுவதை) இயக்கும் முன் முன்பக்கம் வலஞ்சுழி என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கனசதுரத்தின் உட்புறம்தான் தெரியும்.

டெக்ஸ்ச்சரை ஏற்றும்போது தலைகீழாகத் திருப்பச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். புத்தகத்தின் யூவி எண்களை (டெக்ஸ்ச்சரில் எந்த இடம் என்று சொல்பவை) அப்படியே எடுத்தால் திருப்பக் கூடாது. டைரக்ட்3டி-யில் மேல்வரி 0. ஓபன்ஜிஎல்-லில் முதலில் ஏற்றும் வரி 0. எஸ்டிபி இமேஜ் படத்தை மேல்வரியிலிருந்துதான் தருகிறது. அப்படியே ஏற்றினால் இரண்டும் பொருந்திப்போகும்.

நிறம்: புத்தகத்தின் 32 பிட் நிற எண் நினைவகத்தில் நீலம், பச்சை, சிவப்பு, ஆல்ஃபா என்ற வரிசையில் இருக்கும். ஓபன்ஜிஎல்-லில் சிவப்பு முதலில் என்று கொடுத்திருந்தால் ஆரஞ்சு நிறம் நீலமாக வரும். கோணங்களை ஜிஎல்எம்-க்கு ரேடியனில் கொடுங்கள். ஜிஎல்எம் 0.9.9-லிருந்து வெறுமனே அறிவித்த அணி அலகு அணியாக இருக்காது, 1.0 என்று கொடுத்து உருவாக்க வேண்டும். பழைய உதாரணங்களைப் பார்த்து எழுதியவர்களின் திரை கறுப்பாக நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இன்னொன்று, கோப்பு திறக்காமல் போவது. விஷுவல் ஸ்டுடியோவுக்குள் எஃப்5 அழுத்தினால் வேலைசெய்யும் ஃபோல்டர் புராஜெக்ட் கோப்பு இருக்கும் இடம். எக்ஸிகியூட்டபிளை நேராகத் திறந்தால் அது இருக்கும் இடம். ஒன்றில் டெக்ஸ்ச்சர் வந்து மற்றதில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருந்தால் ஷேடரைச் சந்தேகப்படாதீர்கள்.

பேனாமுனை

மூடிவிட்டால் ஒரு வரி வரவில்லை என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதுதான் இதில் முக்கியமானது. டைப் செய்து ஓட்டுவதில் கற்றல் நடப்பதில்லை. ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று எண்ணோடு எழுதி வைத்துவிட்டு, பிறகு ஓட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் நடக்கிறது.

புரொஜெக்ஷன் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம், புத்தகத்தின் இடக்கை முறையிலேயே. விண்டோ 800 × 800, பார்வைக்கோணம் 90 டிகிரி, அருகுத்தளம் 0.1, தொலைதளம் 100 (இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது மட்டுமே வரையப்படும்). கேமராவுக்கு முன்னால் (1, 0.5, 5) என்ற புள்ளி. கோணத்தில் பாதி 45, அதன் கோடேன்ஜென்ட் 1, அதனால் எக்ஸும் வையும் அப்படியே நிற்கும். இவற்றை வகுக்கும் எண்ணான டபிள்யூ என்பது இசட்டின் மதிப்பு 5. வகுத்தால் எக்ஸ் 0.2, வை 0.1. திரையில் எக்ஸ் = (0.2 + 1) ÷ 2 × 800 = 480. திரையின் வை கீழ்நோக்கிப் போவதால் (1 − 0.1) ÷ 2 × 800 = 360. அதே புள்ளியை கேமராவிலிருந்து 10 அலகு தூரத்தில் வைத்தால் 440, 380. மையம் 400-லிருந்து விலகல் 80 பாதியாகி 40, வை-யில் 40 பாதியாகி 20. தூரம் இரட்டித்தால் உருவம் பாதியாகிறது என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. எழுதிவிட்டு, அந்தப் புள்ளியில் ஒரு சின்ன முக்கோணத்தை வரைந்து, திரையைப் படமெடுத்து, பெயிண்டில் கர்சரை வைத்துப் பாருங்கள். 480, 360 என்று வந்தால் அத்தியாயம் உங்களுடையது.

அதே தாளில் ஆழத்தையும் (எது முன்னால், எது பின்னால் என்று ஒப்பிட 0 முதல் 1 வரை வைக்கும் எண்) போடுங்கள். தொலைதளம் ÷ (தொலைதளம் − அருகுத்தளம்) = 1.001. அதை (5 − 0.1)-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 0.981. 100 அலகு நீளக் காட்சியில் 5-ஆவது அலகிலேயே ஆழம் 0.98-ஐத் தொட்டுவிட்டது. ஆழம் 0.5 ஆவது எங்கே என்று தலைகீழாகப் போட்டால் 0.2 அலகு தூரத்தில். ஆழ எல்லையின் முதல் பாதி முழுவதும் மூக்கு நுனியில் செலவாகிறது. பின்னால் ஒரு நாள் இது உங்களுக்கு வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இப்படி ஒன்றைச் செய்யுங்கள். அணிகளுக்கு: சூரியன், பூமி, நிலா மூன்றையும் பெருக்கும் வரிசையை மட்டும் வைத்துச் சுற்ற வையுங்கள். பெரிதாக்கு, சுழற்று, நகர்த்து என்ற வரிசை தன் இடத்திலேயே சுழலும். நகர்த்திவிட்டுச் சுழற்றினால் மையத்தைச் சுற்றி வரும். எது எது என்று முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். விண்டோவை 800 × 600 ஆக்கி, விகிதத்தை 1 என்றே விட்டால் கனசதுரம் அகலவாக்கில் 1.33 மடங்கு நீளும். டெப்த் டெஸ்ட்டை அணையுங்கள், வரைந்த வரிசைப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொரு கோளாறுக்கும் திரையில் ஒரு முகம் இருக்கிறது. அந்த முகம் பழகிவிட்டால் நாளைக்கு உங்கள் சொந்தக் கோடில் அதைப் பார்த்தவுடன் எங்கே தேடுவது என்று தெரியும்.

ஒரு சின்ன அறிவுரை: திரையைக் கறுப்பால் துடைக்காதீர்கள். சாம்பல் கலந்த நீலம் மாதிரி ஏதாவது வையுங்கள். கறுப்புப் பொருளா, பொருளே இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

சரிவுப்பாதை

மூவருக்கும் நன்றி. ஓபன்ஜிஎல் 3.3-க்கு மாறிவிட்டேன். 480, 360 சரியாக வந்தது. வீரன் ஓடிக் குதிக்கும் ஒரு சின்னக் களம் கட்டியிருக்கிறேன், இப்போது மூன்று தொல்லை.

ஒன்று, பெட்டிகளின் மீது ஒளி சரியாக விழுகிறது. ஆனால் ஆப்பு வடிவச் சரிவு ஒன்றை நீளவாக்கில் 4 மடங்கு இழுத்து வைத்திருக்கிறேன், அதன் மேல் ஒளி தவறான பக்கத்திலிருந்து வருவதுபோல இருக்கிறது. நார்மலை நார்மலைஸ் செய்கிறேன்.

இரண்டு, தரைக்கு 2 செ.மீ. மேலே ஒரு சாலையை விரித்திருக்கிறேன். 20 மீட்டருக்கு அப்பால் அது தரையோடு கலந்து மினுக்குகிறது. அருகுத்தளம் 0.001, தொலைதளம் 1000. தொலைதளத்தை 200 ஆக்கினேன், மாற்றமில்லை. ஒரு அலகு என்பது ஒரு மீட்டர்.

மூன்று, 1.2 மீட்டர் பெட்டி மேல் குதித்து ஏற முடிகிறது. பார்ட்டிக்கிள் அதிகமாகி ஃப்ரேம் 20-க்கு இறங்கினால் அதே பெட்டியில் ஏற முடியவில்லை. புத்தகத்தில் உள்ளபடி எல்லாவற்றையும் ஃப்ரேம் நேரத்தால் பெருக்கியிருக்கிறேன்.

நிழல்வரி

சரிவு: நார்மலை வேர்ல்ட் அணியாலேயே பெருக்குகிறீர்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்கினால் இது பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் கெடும். பெட்டியின் நார்மல்கள் அச்சுத் திசையிலேயே இருப்பதால் இழுத்தாலும் நீளம்தான் மாறும், நார்மலைஸ் செய்தால் சரியாகிவிடும். அதனால்தான் பெட்டியில் தெரியவில்லை, சரிவில் தெரிகிறது.

எண்ணில் பாருங்கள். சரிவின் பரப்பில் ஓடும் திசை (1, −1, 0), நார்மல் (1, 1, 0). புள்ளிப் பெருக்கம் 0, செங்குத்து. எக்ஸில் 4 மடங்கு இழுத்தால் பரப்பின் திசை (4, −1, 0). நார்மலையும் அதே அணியால் பெருக்கினால் (4, 1, 0), புள்ளிப் பெருக்கம் 15. செங்குத்து போய்விட்டது. எதிர்மாறாக எக்ஸை 4-ஆல் வகுத்துப் பாருங்கள்: (0.25, 1, 0). 4 × 0.25 − 1 = 0. பொதுவான விதி, வேர்ல்ட் அணியின் மேல் இடது 3 × 3 பகுதியின் நேர்மாறை எடுத்து டிரான்ஸ்போஸ் செய்து, அதனால் நார்மலைப் பெருக்குவது. இதை ஷேடருக்குள் ஒவ்வொரு வெர்டெக்ஸுக்கும் செய்ய வேண்டாம். சி++ பக்கம் பொருளுக்கு ஒருமுறை கணக்கிட்டு யூனிஃபார்மாக (ஷேடருக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பாக) அனுப்புங்கள். ஷேடரில் நார்மலைஸ் செய்வது அப்படியே இருக்கட்டும். பிக்சலுக்குப் பிக்சல் ஓடும் ஃப்ராக்மென்ட் ஷேடரிலும் ஒருமுறை வேண்டும், ஏனென்றால் முக்கோணத்தின் நடுவில் இடைமதிப்பாக வரும் நார்மல் 1-ஐவிடக் குட்டையாகிவிடும்.

சரிபார்க்க விளக்கை மறந்துவிட்டு நார்மலையே நிறமாகக் காட்டுங்கள்: நார்மல் × 0.5 + 0.5. மேல்நோக்கிய பரப்பு வெளிர்பச்சையாகவும், நேர் எக்ஸ் பக்கம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஒளிக் கோளாறு எதுவானாலும் முதல் சோதனை இதுதான்.

எண்கோணம்

மினுக்கல்: பேனாமுனை சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது. 24 பிட் ஆழ பஃபரில் ஒரு தூரத்தில் பிரித்தறியக்கூடிய இடைவெளி ஏறத்தாழ தூரத்தின் வர்க்கம் ÷ (அருகுத்தளம் × 2-இன் 24-ஆம் அடுக்கு). அந்த அடுக்கு சுமார் 1 கோடியே 68 லட்சம். உங்கள் 0.001-க்கு 2 செ.மீ. இடைவெளி தாங்குவது 18 மீட்டர் வரைதான், 100 மீட்டரில் இடைவெளி 60 செ.மீ. ஆகிவிடும். 20 மீட்டரில் மினுக்குவது அதனால்தான். அருகுத்தளத்தை 0.1 ஆக்கினால் அதே சாலை 180 மீட்டர் வரை அசையாமல் நிற்கும். அருகுத்தளத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்வரை தொலைதளம் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை; நீங்கள் 200 ஆக்கியும் பயனில்லாமல் போனது அதனால்.

அருகுத்தளத்தைக் கூட்டினால் சுவரை ஒட்டி நிற்கும்போது சுவர் வெட்டுப்பட்டு உள்ளே தெரியும். அதற்கு வீரனின் மோதல் உருளையின் ஆரம் அருகுத்தளத்தைவிடப் போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். பார்வைக்கோணம் அகலமாக இருந்தால் திரை மூலையில் அருகுத்தளம் இன்னும் தள்ளிப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 0.1-க்கு 0.3 ஆரம் போதும்.

180 மீட்டரும் போதாது என்றால் சாலையைத் தரைக்கு மேல் தூக்காமல், தரையின் வலைக்குள்ளேயே சாலையின் முக்கோணங்களைச் சேர்த்துவிடுங்கள். பாலிகான் ஆஃப்செட் (ஆழ மதிப்பைச் சற்றே நகர்த்தும் வசதி) என்று ஒன்று இருக்கிறது, சுவரில் ஒட்டும் தோட்டாத் தழும்பு போன்றவற்றுக்கு நல்லது. முழுச் சாலைக்கு வேண்டாம்.

பேனாமுனை

குதிப்பு: ஃப்ரேம் நேரத்தால் பெருக்கினால் வேகம் சமமாகும், முடுக்கம் சமமாகாது. குதிக்கும் வேகம் 5 மீ/வி, ஈர்ப்பு 9.8 என்று வைத்துக்கொண்டால் உண்மையான உயரம் 25 ÷ 19.6 = 1.276 மீட்டர். ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு நிலையைக் கூட்டினால், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உயரம் இழப்பீர்கள். மொத்த இழப்பு கிட்டத்தட்ட வேகம் × படிநேரம் ÷ 2. 144 ஃப்ரேமில் 1.26, 60-ல் 1.23, 20-ல் 1.15 மீட்டர். உங்கள் பெட்டி 1.2. புத்தகத்தின் வழி தப்பென்று சொல்ல மாட்டேன், சுழலும் கனசதுரத்துக்கு அது போதும். குதிக்கும் கேமுக்குப் போதாது.

தீர்வு, இயக்கத்தை எப்போதும் ஒரே படியில் ஓட்டுவது, உதாரணமாக 1/60 விநாடி. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கடந்த நேரத்தை ஒரு சேமிப்பில் கூட்டுங்கள். சேமிப்பில் 1/60-க்கு மேல் இருக்கும்வரை ஒரு படி ஓட்டி, 1/60-ஐக் கழியுங்கள். மிச்சம் அடுத்த ஃப்ரேமுக்குப் போகும். கடந்த நேரத்துக்கு ஒரு உச்சவரம்பு கட்டாயம், 0.25 விநாடி போல. இல்லையென்றால் டீபக்கரில் பிரேக்பாயிண்டில் 30 விநாடி நின்றுவிட்டுத் தொடர்ந்தால் ஒரே மூச்சில் 1800 படி ஓடும். அதைவிட மோசம், படி ஓட்டவே 1/60-க்கு மேல் பிடிக்கும் கணினியில் சேமிப்பு ஏறிக்கொண்டே போய் கேம் உறைந்துவிடும். நேரத்துக்குப் புத்தகத்தின் டைம்கெட்டைமை விட்டுவிட்டு எஸ்டிடி குரோனோவின் ஸ்டெடி கிளாக்கை எடுங்கள். 144 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் 6.9 மில்லி விநாடிதான், முழு மில்லி விநாடியில் அளந்தால் பிழை கண்ணில் படும்.

கூடவே ஒன்று. 60 மீ/வி வேகத்தில் போகும் குண்டு ஒரு படியில் 1 மீட்டர் தாண்டும். 20 செ.மீ. சுவர் நடுவில் இருந்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மட்டுமே சோதித்துவிட்டுப் போய்விடும். புத்தகத்தின் கதிர் அத்தியாயத்தை இங்கே பயன்படுத்துங்கள்: பழைய நிலையிலிருந்து புதிய நிலை வரை ஒரு கோட்டுத்துண்டாக எடுத்து வெட்டுப்புள்ளியைச் சோதியுங்கள்.

சரிவுப்பாதை

சரிவு, சாலை இரண்டும் சரி. குதிப்பு உயரமும் எல்லா வேகத்திலும் ஒன்றாகிவிட்டது. ஆனால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மாட்டினால் ஓடும்போது வீரன் லேசாக உதறுகிறான். முன்பு இப்படி இல்லை. மவுஸால் திரும்புவதும் சீராக இல்லை.

பேனாமுனை

144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4. அதாவது ஒரே நிலை சில சமயம் 2 ஃப்ரேமும் சில சமயம் 3 ஃப்ரேமும் திரையில் நிற்கிறது, அதுதான் உதறல். ஒவ்வொரு பொருளுக்கும் முந்தைய படியின் நிலை, இப்போதைய நிலை இரண்டையும் வைத்திருங்கள். வரையும்போது சேமிப்பில் மிச்சமிருக்கும் நேரம் ÷ படிநேரம் என்ற விகிதத்தில் இரண்டுக்கும் நடுவே எடுத்து வரையுங்கள். சுழற்சிக்கு குவாட்டர்னியனும் (சுழற்சியைக் குறிக்கும் நான்கு எண்கள்) ஸ்லெர்ப்பும் (இரண்டு சுழற்சிகளுக்கு நடுவே எடுக்கும் முறை). காட்சி ஒரு படி பின்தங்கும், 16.7 மில்லி விநாடி, அது தெரியாது. வீரனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று மாற்றும்போது முந்தைய நிலையையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு கணம் நடுவழியில் பறப்பான்.

மவுஸை இந்தப் படிக்குள் கொண்டுவராதீர்கள். கேமராவின் திரும்பலை ஒவ்வொரு ஃப்ரேமிலும் நேரடியாகப் படித்து மாற்றுங்கள், நடக்கும் திசையை மட்டும் படி ஓடும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மவுஸ் நகர்வை ஃப்ரேம் நேரத்தால் பெருக்கியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மவுஸ் தருவது வேகமல்ல, சென்ற ஃப்ரேமிலிருந்து நகர்ந்த தூரம்; அதில் நேரம் ஏற்கெனவே அடங்கிவிட்டது. மேல் கீழ்க் கோணத்தை 89 டிகிரியில் நிறுத்துங்கள். 90-ஐத் தொட்டால் பார்வைத் திசையும் மேல் திசையும் ஒரே கோட்டில் வந்து, கேமராவை அமைக்கும் லுக்-அட் அணியின் குறுக்குப் பெருக்கம் 0 ஆகி, காட்சி முழுவதும் மறைந்துவிடும்.